சுவரோரம்

கடப்பாரையால் கதவை நெம்பியபோது அங்கே இருந்தவர்கள்: மஞ்சு, கையில் உதவாத சாவியோடு. கடப்பாரையைப் பிடித்திருந்த அவள் கொழுந்தன் தனசேகர். மாமனார் பச்சைமுத்து, ஏரியிலிருந்து வந்த ஈர லுங்கியை இன்னும் மாற்றாமல். பக்கத்து வீட்டு எலிசபெத், வாயோரத்தில் பல்பொடி நுரையோடு. புயல் கட்டடத்தின் படியில் எப்போதும் படுத்திருக்கும் இரண்டு ஆடுகள். உள்ளே, மஞ்சுவின் கணவன் பிரசாந்த்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அவன் எப்போதும் தாழ் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வான். போடாவிட்டால் ஆடு வந்துவிடும் என்பான்.

"டேய் பிரசாந்து, தொறடா! விளையாட்டா இன்னா?" என்று கத்தினார் பச்சைமுத்து.

எலிசபெத் கதவில் காதை வைத்துக் கேட்டாள். "ஒரு சத்தமும் இல்லடி மஞ்சு. தூங்கினு இருக்குமோ?"

தாழ்ப்பாள் பிய்ந்து உள்ளே விழுந்தது. ஆடுகள் எழுந்து ஓடின. வாசலில் முன்னால் நின்றது மஞ்சுதான்.

நீளமான கூடம். தரை முழுக்கக் கிளிஞ்சல். கூடத்தின் மறுகோடியில் மட்டும் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது. அதில் பிரசாந்த் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். ஒரு காதில் ஒயர். கதவிலிருந்து அவன் வரைக்கும் ஒரு கிளிஞ்சல்கூட இடம் மாறியிருக்கவில்லை. மூச்சு விடும் நேரம்தான் அதைப் பார்த்தாள். அதற்குள் தனசேகர் அவளை இடித்துக்கொண்டு நேராக ஓடினான். பின்னால் பச்சைமுத்து ஓடினார். காலடியில் கிளிஞ்சல்கள் நொறுங்கின. மஞ்சுவும் ஓடினாள்.

உடம்பு சில்லென்று இருந்தது. காதில் இருந்த ஒயரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று தனசேகருக்குத் தெரியவில்லை. பிடுங்கி எறிந்தான். பிறகு நாலு பேருமாகத் தூக்கி, வந்த வழியிலேயே நேராக வெளியே கொண்டு வந்தார்கள்.

*

புயல் வந்தால் குப்பத்து ஜனங்கள் தங்கட்டும் என்று கட்டிய கட்டடம் அது. மற்ற நாட்களில் காலியாகக் கிடக்கும். பெருக்கித் துடைத்துச் சாவியை வைத்துக்கொள்வது மஞ்சுவின் வேலை. பஞ்சாயத்தில் அவளைப் போட்டிருந்தார்கள். கோடை தொடங்கியபோது பிரசாந்த் அந்தச் சாவியைக் கேட்டான்.

"எதுக்கு?"

"ஒரு படம் போடணும். வூட்ல எடம் பத்தாது."

"இன்னா படம்?"

"துருவோட படம். நாலு பேரும். மழைக்குள்ள முடிச்சுடுவேன்."

துரு என்பது வடசென்னைப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய ராக் கோஷ்டி. கல்யாணத்துக்கு முன்னால் பிரசாந்த் மீஞ்சூர் பக்கம் ஒரு குடோனில் ராத்திரிக் காவல் பார்த்தான். அங்கே கூட வேலை செய்த ஒருவன் தன் ஒயரில் ஒரு பக்கத்தை இவன் காதில் செருகினான். அன்றைக்குப் பிடித்தது. கோஷ்டி கலைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பிரசாந்த் அவர்களை ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறான். அதுவும் கூட்டத்தின் கடைசியிலிருந்து. மழை வந்து கச்சேரி பாதியில் நின்றுவிட்டது.

மஞ்சுவும் ஒருமுறை கேட்டாள். "இன்னாய்யா இது, தகரத்தப் போட்டு அடிக்கிற மாதிரி கீது?"

"அதான்," என்று சிரித்தான்.

அதான் என்றால் எது என்று அவளுக்குப் புரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏரிச் சேற்றில் புதைந்து கிடந்த கிளிஞ்சல் கறுப்பாக இருக்கும். கடலோரத்துக் கிளிஞ்சல் வெள்ளை. இரண்டுக்கும் நடுவே சாம்பல், பழுப்பு, செம்மண் நிறம் என்று எத்தனையோ உண்டு. வலைக்குப் போய் வந்த கையோடு அவற்றைப் பொறுக்கிக் கொண்டு வருவான். கழுவிக் காயவைத்து, நிறவாரியாக அன்னக்கூடைகளில் பிரிப்பான். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, செல்போனில் இருந்த போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக வைப்பான். பசை கிடையாது. சும்மா வைப்பதுதான். கதவுப் பக்கமிருந்து தொடங்கி உள்ளே உள்ளே போனான். ஒவ்வொரு முகமும் ஒரு ஃபைபர் படகின் நீளம். நின்று பார்த்தால் கிளிஞ்சலைக் கொட்டி வைத்த மாதிரிதான் தெரியும். ஏணி மேல் ஏறிப் பார்த்தால் ஆள் தெரியும் என்று சொன்னான். மஞ்சு ஏறியதில்லை. ஏணி என்றால் அவளுக்கு உயிர் போகும்.

உள்ளே போகவும் வெளியே வரவும் சுவரோரம் ஒரு பாதம் வைக்கிற அகலத்துக்கு வழி விட்டிருந்தான். அது ஜன்னல் பக்கம் சுற்றி, பழைய தண்ணீர் டிரம்கள் அடுக்கிய இடத்தில் நெருக்கி, பிறகு கதவுக்கு வரும்.

*

பொன்னேரியிலிருந்து வந்த நர்ஸ் பார்த்துவிட்டு, ஹார்ட் அட்டாக் என்றாள்.

மஞ்சு கேட்டாள், "ஒடனே போயிருக்குமா, மேடம்?"

"சில பேருக்கு ஒடனே போயிடும். சில பேருக்கு அர மணி, ஒரு மணி நேரம்கூட வலி இருக்கும்."

"இவருக்கு?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்?"

வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். பெஞ்சில் பிரசாந்தைக் கிடத்தி, வாயைக் கட்டி, நெற்றியில் காசு வைத்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்த அவன் அம்மா பவுனம்மாள், பெண்கள் வந்து கட்டிப் பிடிக்கும்போதெல்லாம் குரல் எடுத்தாள். நடுவில் நிறுத்தி, மூக்கைச் சிந்தி, டீ வந்ததா என்று கேட்டாள். மறுபடி குரல் எடுத்தாள்.

மஞ்சுவுக்கு அழுகை வரவில்லை. அவள் பந்தல் காலைப் பிடித்து நின்ற தனசேகரைக் கூப்பிட்டாள்.

"தனா, அவரு ஏன் நேரா வரல?"

"எங்க அண்ணி?"

"கதவாண்ட. வலி வந்தா எந்திரிச்சு வரணும் இல்ல? நேரா வந்தா எவ்ளோ தூரம்? தாழ எடுத்துட்டு ஒரு குரல் குடுத்தா நான் வந்திருப்பேன். வூடு பக்கத்துலதானே கீது."

தனசேகர் தரையைப் பார்த்தான். "வந்த வலி அப்டி அண்ணி. ஒரு அடி வெச்சிருக்க முடியாது."

"அப்ப துண்டு?"

"எந்தத் துண்டு?"

"டிரம்மாண்ட கெடந்துச்சே அவரு துண்டு. பாதி வழியில. நீ பாக்கல?"

அவன் பார்க்கவில்லை. எலிசபெத் பார்த்திருந்தாள். "ஆமா, மடிச்சு வெச்சிருந்துச்சு," என்றாள். "அது எப்பவும் அங்கதான் வெக்குமோ இன்னாமோ. வுடுடி. இப்ப அதப் போட்டு நோண்டி இன்னா ஆவப் போவுது?"

மடித்து வைத்திருந்ததா, மடிப்பாக விழுந்திருந்ததா என்று மஞ்சுவுக்கு நினைவில்லை. வலி வந்து, சுவரோரமாக டிரம் வரை வந்து, முடியாமல் திரும்பிப் போனானா? திரும்பிப் போகிறவன் நேராக நடந்திருக்கலாமே. கிளிஞ்சல்தானே. அல்லது ஒன்றுமே இல்லாமல், வேலை செய்துகொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தானா? படுத்திருந்த விதம் சாய்ந்து விழுந்தவன் மாதிரி இல்லை. இடம் பார்த்துப் படுத்தவன் மாதிரி இருந்தது.

மதியம் வாய்க்கரிசிக்கு ஆள் தேடினார்கள். பச்சைமுத்துவைக் காணவில்லை. ஏரிக்கரையிலும் இல்லை, டீக்கடையிலும் இல்லை. மஞ்சு எழுந்தாள்.

"நான் பாத்துட்டு வரேன்."

"பொணத்த வுட்டு எந்திரிச்சுப் போறா பாரு," என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். மஞ்சு காதில் வாங்காமல் நடந்தாள். அவர் எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். புயல் கட்டடத்தின் கதவு காலையிலிருந்து திறந்தேதான் கிடந்தது.

*

பச்சைமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தகரம். பக்கத்தில் சாக்கு. கதவை ஒட்டி இருந்த முகம் இல்லை. அந்த இடத்தில் சிமெண்ட் தரையும் சாக்பீஸ் கட்டமும் மட்டும் இருந்தன. இரண்டு சாக்குகளை வாய் கட்டிச் சுவரில் சாய்த்திருந்தார். மூன்றாவது பாதி நிரம்பியிருந்தது.

"மாமா, இன்னா பண்றீங்க?"

"மழ வரப் போவுது. வடக்கால கறுத்துனு வருது பாரு." அவர் நிமிரவில்லை. "நாம வேற மிதிச்சு ஒடைச்சுட்டோம். கெடக்குறத வாரி வெச்சா சுண்ணாம்புக்காரன் எடுத்துக்குவான். புள்ள இவ்ளோ நாளு பாடுபட்டுச் சேத்துருக்கான். அது உனக்குத்தான் ஆவணும்."

மஞ்சு அவர் கையைப் பார்த்தாள். விரல் நுனிகளில் ரத்தம். உடைந்த கிளிஞ்சல் கீறியிருந்தது.

"இது விக்கறதுக்கு இல்ல மாமா."

"பின்ன எதுக்கு?"



வெளியே பைக் வந்து நின்றது. உள்ளே வந்தவன் கறுப்புச் சட்டை போட்டிருந்தான். தலையில் பாதி நரை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே தரையைப் பார்த்தான்.

"ஐயையோ," என்றான். "பேஸ் கிடார் எங்க?"

"யாருய்யா நீ?" என்றார் பச்சைமுத்து.

"சுபாஷ்ங்க. குடோன்ல கூட வேல செஞ்சவன். தனசேகர்தான் போன் பண்ணான்." அவன் காலி இடத்தைச் சுற்றி வந்தான். "இங்க பேஸ் கிடார் இருந்தாரு. எனக்கு போட்டோ அனுப்பிச்சிருந்தான். ஆளு அப்டியே உயிரோட இருந்தாரு. எங்க அவரு?"

பச்சைமுத்து சாக்கைப் பார்த்தார். சுபாஷும் சாக்கைப் பார்த்தான். பிறகு அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். மஞ்சுவுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"ஏறிப் பாருங்க, பெரியவரே," என்றான் சுபாஷ், கடைசியில். "உங்க புள்ள இன்னா பண்ணியிருக்கான்னு ஏறிப் பாத்துட்டு அப்பறம் வாருங்க."

ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. பச்சைமுத்து பாய்மரம் ஏறிய ஆள். ஏறி, மேலே நின்று கீழே பார்த்தார்.

"நடுவுல இருக்கறது எங்கண்ணன்," என்றார்.

"இல்லைங்க, அது கீபோர்டு."

"கருப்பன்யா. எங்கண்ணன். முகத்துவாரத்துல போனவரு. அந்தத் தாடைய எனக்குத் தெரியாதா?"

"அவரு திருவொத்தியூர்க்காரருங்க. இன்னும் உயிரோட இருக்காரு. இப்ப இன்சூரன்ஸ் போடறாரு."

"நீ இன்னா வேணா சொல்லு," என்று பச்சைமுத்து இறங்கினார். யாரையும் பார்க்காமல் கட்டிய சாக்கு ஒன்றின் வாயை அவிழ்த்தார். கட்டவும் இல்லை, கொட்டவும் இல்லை. அவிழ்த்துவிட்டு நின்றார். "எனக்கு இது தெரியாது. எவனும் சொல்லல," என்றார். பிறகு கண்ணை லுங்கியில் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

"நீங்களும் பாருங்க," என்றான் சுபாஷ்.

மஞ்சு ஏணியில் கால் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். திறந்தபோது இரண்டு ஆண்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருவன் தாடி. ஒருவன் தடித்த உதடு. கன்னத்தில் நிழல்கூட இருந்தது. இரண்டு பேர் மூக்கின் மேலும் குறுக்கே உடைந்த தடம் ஓடியது, நாலு பேர் பிரசாந்தைத் தூக்கி வந்த தடம். அதற்கு அப்பால் சாக்பீஸ் கோட்டில் நாலாவது முகம். கண் இல்லை, வாய் இல்லை. கோட்டுக்கு நடுவே காலையில் அவன் கிடந்த இடம்.

நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு அவர்களில் ஒருவனையும் தெரியாது. அவர்கள் ஒருவனுக்கும் அவள் புருஷன் பெயர் தெரியாது.

"அந்த நாலாவது ஆளு பாடறவரு," என்றான் சுபாஷ் கீழேயிருந்து. "முடிய மூஞ்சி மேல வுட்டுனு இருப்பாரு. நல்ல போட்டோ கெடைக்கவே இல்ல. ரெண்டு மாசமா அதுலதான் மாட்டினு இருந்தான். முடிச்சிருந்தா போட்டோ எடுத்து நெட்ல போட்டிருப்போம். அவங்க பாத்திருப்பாங்க."

"பாத்து?"

"பாத்து..." அவன் யோசித்தான். "பாத்திருப்பாங்க."

மஞ்சு இறங்கினாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அவரு ஏன் நேரா வரல? மிதிச்சுனு வந்திருக்கலாமே."

சுபாஷ் தரையைப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் மலர்ந்தது.

"பிரசாந்த்து மிதிச்சிருக்க மாட்டான், அண்ணி."

"பெருமையா உனக்கு?"

அவன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

"பெருமையானு கேட்டேன். செத்தவன் மிதிக்கலன்னு நீ மீசைய முறுக்குவ. வூட்ல நான் சோத்த மூடி வெச்சினு உக்காந்திருந்தேன்."

சுபாஷ் போகும்போது ஏணியில் ஏறி, இருப்பதை இரண்டு போட்டோ எடுத்தான். எடுக்கலாமா என்று கேட்கவில்லை. அவளும் தடுக்கவில்லை.

*

சங்கு ஊதி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றார்கள். மேளச் சத்தம் சவுக்குத் தோப்பைத் தாண்டும் வரை கேட்டது.

பிணம் எடுத்த வீட்டைக் கழுவிவிட வேண்டும். மஞ்சுவை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். எலிசபெத்தும் மற்றவர்களும் வாசலில் குடம் குடமாகக் கொட்டி, துடைப்பத்தால் தள்ளினார்கள். பவுனம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"இங்க கழுவுனா ஆச்சா? உசுரு போனது அங்க. அந்த ரூமையும் கழுவணும்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா," என்றாள் எலிசபெத்.

"நாளைக்கு மழ புடிச்சுக்கும். தண்ணி ஏறுனா ஜனம் அங்கதான் போய்ப் படுக்கணும். பொணம் கெடந்த எடம்னு எவ வருவா, புள்ள குட்டிய இட்டுக்கினு? கழுவிவுடு. அந்தக் கண்றாவியெல்லாம் வாரி வெளிய கொட்டு. அதாலதான்டி என் புள்ள போனான்."

அவள் மறுபடி குரல் எடுத்தாள். இந்த முறை டீ கேட்கவில்லை.

இரண்டு பெண்கள் துடைப்பத்தையும் பக்கெட்டையும் எடுத்தார்கள். மஞ்சு எழுந்து பக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

"நான் கழுவறேன் அத்த."

"தனியாவா?"

"என்னாண்டதானே சாவி கீது."

அடிபம்பில் பக்கெட்டை நிரப்பினாள். ஈரத் தலையோடு படி ஏறினாள். ஆடுகள் திரும்பி வந்து படுத்திருந்தன. கூடத்தில் வெளிச்சம் குறைந்திருந்தது. சாக்குகள் சாய்த்த இடத்திலேயே இருந்தன. அவிழ்த்த சாக்கின் வாயிலிருந்து கொஞ்சம் சரிந்திருந்தது.

பக்கெட் கனத்தது. உடைந்த தடத்தின் மேலேயே நேராக நடந்தாள். நொறுங்க வேண்டியதெல்லாம் காலையிலேயே நொறுங்கியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டது, மறுகோடி. இவ்வளவுதானா என்று திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

அவன் கிடந்த இடத்தில் தண்ணீரைச் சாய்த்தாள். மெதுவாகத்தான் சாய்த்தாள். சாக்பீஸ் கோடு பால் மாதிரி கலைந்தது. பாடுகிறவனின் நெற்றி போனது. தண்ணீர் பரவி, பக்கத்து முகத்தின் காதுக்கு அடியில் நுழைந்தது. கிளிஞ்சல்கள் நகரவில்லை. நனைந்தவை மட்டும் கறுப்பு இன்னும் கறுப்பாக, வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிந்தன. கையால் தரையைத் தேய்த்தாள். தேய்க்க அங்கே எதுவும் இல்லை. மீதித் தண்ணீரைக் கொட்டாமல் வைத்துக்கொண்டாள்.

எழுந்து நின்றாள். நேரே கதவு. உடைந்த தடமும், அதற்கு அப்பால் வெறும் தரையும் அது வரைக்கும் போயின.

அவள் சுவரில் ஒரு கையை வைத்து, ஓரமாக நடந்தாள். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம். ஜன்னலைச் சுற்ற வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி ஈய நிறத்தில் கிடந்தது. ஒரு படகும் இல்லை. சாவு என்றால் யாரும் போகமாட்டார்கள். டிரம்கள் அருகே வழி நெருக்கியது. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளே இழுத்து நுழைந்தாள். துண்டு ஒரு டிரம்மின் மேல் இருந்தது. ஒரு முனை மடிந்திருந்தது. ஒரு முனை தொங்கியது. அங்கே கொஞ்சம் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கதவும் தெரிந்தது. அவன் கிடந்த இடமும் தெரிந்தது. இரண்டும் ஒரே தூரம் மாதிரி இருந்தது.

பிறகு நடந்தபோது பக்கெட்டின் அடி எதிலோ இடித்தது. ஒரு கிளிஞ்சல் தெறித்துச் சுவரில் மோதித் திரும்பி வந்து காலடியில் விழுந்தது. தாடிக்காரனின் ஓரத்திலிருந்து வந்தது. தாடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது.

மஞ்சு குந்தி உட்கார்ந்தாள். கிளிஞ்சலை எடுத்து ஓட்டையில் வைத்தாள். சரியாக இல்லை. திருப்பி வைத்தாள். குழிந்த பக்கம் மேலேயா, கவிந்த பக்கம் மேலேயா? பக்கத்தில் இருந்தவை சில இப்படி, சில அப்படி இருந்தன. மறுபடி திருப்பினாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. கடைசியில் கையில் இருந்தபடியே வைத்தாள்.

எழுந்து, மிச்ச வழியையும் சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தாள். பிய்ந்த தாழ்ப்பாளைக் காலால் உள்ளே தள்ளினாள். கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டுத் திருகினாள். பூட்டிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.